மூன்றாவது ஆறு

பெங்களூரு
9 ஜூன்

அன்புள்ள மாவ்ஷிக்கு,

முதலில் உங்கள் ஆசீர். நான் நலம். உங்கள் முழங்கால், இரத்த அழுத்தம், கிணற்றடி வழுக்கல் மூன்றும் எப்படி? மங்களூரில் மழை பிடித்துக்கொண்டதாகச் செய்தியில் பார்த்தேன்.

என் கையெழுத்தைக் கண்டு ஆச்சரியப்படுவீர்கள். அம்மா போன பிறகு நான் யாருக்கும் கையால் எழுதியதில்லை. அம்மாவின் அக்காவாகிய உங்களுக்காவது எழுதலாமே என்று தோன்றியது. இனிக் கொஞ்ச நாள் நாம் கடிதத்திலேயே பேசிக்கொள்வோமா? கைப்பேசியில் நீங்கள் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு முன்னறை முழுக்கக் கேட்கப் பேசுகிறீர்கள். கூப்பிடுவேன். ஆனால் மழை, பூசை, மீன் விலை இவற்றோடு நிறுத்திக்கொள்வோம்.

ஒரு சின்னக் கேள்வி. போன வருடம் எங்கள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து மாட்டினேனே, சகாயா பெட்டி, அது ஒழுங்காக இருக்கிறதா? மருந்து வேளையைச் சொல்கிறதா? கேட்காமல் தானாக ஏதாவது பேசுகிறதா? பதிலை முன்னறையில் உட்கார்ந்து எழுத வேண்டாம். சாப்பாட்டு மேஜையில் நல்ல காற்று வரும்.

ஆசீர் வேண்டும்,
ஜாய்சன்


பெஜை, மங்களூரு
17 ஜூன்

அன்புள்ள ஜாய்சன்,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. என் உடம்பில் ஒரு குறையும் இல்லை.

தேதியை முழுதாக எழுத வேண்டும், வருடத்தோடு. நானும் இப்போது எழுதவில்லை. உனக்கு உறைக்கட்டும் என்றுதான். ‘கையெழுத்தைக் கண்டு’ என்று ஒற்று போட்டிருக்கிறாய், சந்தோஷம். ஜூன் மாதத்தில் சாப்பாட்டறைக்குச் சாரல்தான் வரும், காற்று வராது. நீ என்னிடம் எதையோ மறைக்கிறாய். முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை, மறைத்துக்கொள்.

உன் கடிதத்தை வழக்கம்போல் முன்னறையில் லாரன்ஸ் மாமாவின் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாக வாசித்தேன். கட்டியவர் போய்விட்டார் என்பதற்காக அவரிடம் பேசுவதை நிறுத்த முடியுமா? மனதுக்குள் வாசிக்கிற கடிதத்தில் ஏதோ வெட்கக்கேடு இருக்கிறது என்பார் எங்கள் மதர் எர்மினியா. பள்ளியில் எங்களுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் எழுந்து நின்று வாசித்தோம். அந்தப் பழக்கம் போகாது, போகவும் வேண்டாம்.

பெட்டி ஒழுங்காக இருக்கிறது. சகாய மாதாவின் பெயர் என்பதால்தான் அதை மாமாவின் படத்துக்கும் பீடத்துக்கும் நடுவில் மாட்டச் சம்மதித்தேன். என் பெயரைத் தப்பாகச் சொல்கிறது. செவரின் என்பதைத் தும்மல் மாதிரி உச்சரிக்கிறது.

தினகர் என்று ஒரு ஆள் வந்தான். வீடு கட்டி விற்கிறவர்களின் தரகன். நம் வீட்டை இடித்துவிட்டு ஏழு மாடி எழுப்ப வேண்டுமாம். வாசலிலேயே ஆரம்பித்தான்.

“கால் இப்ப எப்படியிருக்கு ஆன்ட்டி?”

“எந்தக் கால்?”

“இடது கால்தான். பாத்ரூம்ல வழுக்கிட்டீங்களே.”

“உங்களுக்கு யார் சொன்னா?”

“நம்ம ஊர்ல இதெல்லாம் காத்துலயே வந்துரும். இந்த வயசுல இவ்ளோ பெரிய வீட்ல ஒத்தையா எதுக்கு ஆன்ட்டி? ஃபிளாட்டுன்னா லிஃப்ட் இருக்கு, கீழ வாட்ச்மேன் இருப்பான்.”

“எனக்கு மோட்சத்துலேர்ந்து வந்த காவல் சம்மனசு இருக்காரு. அவருக்குச் சம்பளமும் கிடையாது, பீடியும் குடிக்க மாட்டாரு. நீங்க கிளம்புங்க.”

விழுந்தேன் என்று நினைத்துவிடாதே. ஈரத் தரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன், எழச் சற்று நேரமாயிற்று. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, லாரன்ஸைத் தவிர. குசுமாதான் அழுக்குச் சேலையைப் பார்த்து ஊகித்து வெளியே உளறியிருக்க வேண்டும். பதினோரு வருடமாக வீட்டு வேலை செய்கிறவள். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டேன். “நான் ஒண்ணும் சொல்லலம்மா, எனக்கே இப்பத்தான் தெரியுது” என்று அழுதாள். எனக்கு அழுகை பிடிக்காது.

பத்ரடெ செய்தேன். சேம்பிலை இந்த வருடம் இளசாக இருக்கிறது. அனுப்பினால் கெட்டுப்போகும்.

ஆசீருடன்,
செவரின் மாவ்ஷி


பெங்களூரு
24 ஜூன் 2019

அன்புள்ள மாவ்ஷிக்கு,

ஆசீர் தாருங்கள். நீங்கள் விழுந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. டாக்டரைப் பாருங்கள். குசுமாவைக் கோபிக்காதீர்கள், அவள் சொல்லியிருக்க மாட்டாள். நீங்கள் மாமாவிடம் சொன்னீர்கள். மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் என்ன மாட்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பெட்டி கேட்கிறது. மருந்து வேளைக்கு மட்டும் இல்லை, எந்நேரமும். அதன் வழியாக யாரோ கேட்கிறார்கள்.

என் வேலை என்னவென்று நீங்கள் பலமுறை கேட்டு, நான் பலமுறை மழுப்பியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, கேமரா ஒவ்வொன்றையும் இயக்கும் நிரலை எழுதுவது எங்கள் குழு. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஒவ்வொரு சாதனமும் ஒரு கோப்பு. ஒவ்வொரு கோப்பின் நெற்றியிலும் மூன்று இலக்கங்கள் உண்டு. முதல் இலக்கம் உரிமையாளருக்கு. அது பெட்டியேதான், மனிதர் இல்லை. இரண்டாவது, உரிமையாளரின் குழுவுக்கு, அதாவது பெட்டியைப் பராமரிக்கிற எங்களுக்கு. மூன்றாவது, மீதி எல்லாருக்கும். வாசிக்கும் உரிமைக்கு நான்கு, எழுதும் உரிமைக்கு இரண்டு, இரண்டும் உண்டென்றால் ஆறு. ஒலிவாங்கியை வாசிப்பது என்றால் கேட்பது. ஒலிபெருக்கியில் எழுதுவது என்றால் பேசுவது.

நெற்றியில் 660 இருந்திருக்க வேண்டும். மூன்றாம் ஆளுக்கு ஒன்றும் கிடையாது என்று அர்த்தம். ஆனால் 666 போடப்பட்டுவிட்டது. ஒரு அவசரத்தில் மாற்றப்பட்டது. பிறகு திருத்தப்படவில்லை. அப்படியே நாலாயிரம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டது. பெட்டிக்குள் ஞானப்பாட்டு, பஞ்சாங்கம், மழைச் செய்தி என்று வெளியார் எழுதிய நிரல்களும் இருக்கின்றன. அவற்றில் எது வேண்டுமானாலும் இப்போது உங்கள் முன்னறையைக் கேட்கலாம்.

கவலைப்படாதீர்கள். பார்த்துக்கொள்கிறேன்.

ஆசீர் வேண்டும்,
ஜாய்சன்

பி.கு. இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து மனதுக்குள் வாசியுங்கள்.


பெஜை, மங்களூரு
20 ஜூலை 2019

அன்புள்ள ஜாய்சன்,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. நான் நலம். பதில் தாமதமானதற்கு மழை காரணம் என்று வைத்துக்கொள்.

பின்குறிப்பு என்பது மறந்துபோன சின்ன விஷயத்துக்கு. முக்கியமானதை முதல் வரியில் எழுத வேண்டும். உனக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லையா?

திருவெளிப்பாடு பதின்மூன்றாம் அதிகாரத்தில் நெற்றியில் போடப்படுகிற சாத்தானுடைய மிருகத்தின் எண்ணை, ஒரு கிறிஸ்தவ வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தில் கை நடுங்காமல் எழுதியிருக்கிறாய். நான் மூடநம்பிக்கைக்காரி அல்ல. பதிமூன்றாம் தேதி பயணம் போவேன், பூனை குறுக்கே போனால் வழிவிடுவேன். ஆனால் ஒரு முழு அலுவலகத்தில் ஒருவர் கண்ணுக்குமா உறுத்தவில்லை?

உன் கணக்கு எனக்குப் புரிந்தது. நான் படித்த கன்னியர் மடத்தில் பார்வையாளர் அறை இருந்தது. கம்பித் தட்டிக்கு அப்புறம் யார் வரலாம், யார் பேசலாம், யார் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்பதற்கெல்லாம் ஒழுங்கு உண்டு. சாவி கதவுச் சகோதரியிடம் இருக்கும். நீங்கள் சாவியைத் தெருவில் போட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் என்று எழுதுகிறேன். ஏனென்றால் உன் கடிதத்தில் செய்தவர் பெயர் இல்லை. ‘போடப்பட்டுவிட்டது.’ ‘மாற்றப்பட்டது.’ ‘திருத்தப்படவில்லை.’ ‘அனுப்பப்பட்டது.’ எட்டு வயதில் நீ என் சீனத்துப் பூச்சாடியை உடைத்துவிட்டு, “மாவ்ஷி, ஜாடி உடைக்கப்பட்டது” என்று வந்து நின்றாய். செயப்பாட்டு வினை உனக்கு எப்போது தேவைப்படும் என்று எனக்குத் தெரியும். யார் போட்டது?

முன்னறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். கூரை ஒழுகுகிறது. இப்போது சாப்பாட்டறையில் படுக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

செவரின் மாவ்ஷி


பெங்களூரு
27 ஜூலை 2019

இதை மனதுக்குள் வாசியுங்கள், மாவ்ஷி.

ஆசீர் வேண்டும். சளி பிடித்திருக்கிறது, மற்றபடி நலம்.

மேலாளர் நாகேந்திராவிடம் விஷயத்தைச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். அவருக்கு எல்லாருமே ‘குரு’தான்.

“நம்பர் தப்பா இருக்கு, சரி குரு. அதனால என்ன ஆச்சு? எவனாவது உள்ள வந்தானா?”

“வந்திருக்கான் சார்.”

“எந்தப் பெட்டி, காட்டு. கெழவிங்க ஜெபம் சொல்றதையும் மருமகளைத் திட்டுறதையும் உக்காந்து கேக்க எவனுக்கு வேலையில்ல?”

“மூடிடலாம் சார். ஒரே ஒரு இலக்கம்.”

“ஒரே ஒரு இலக்கத்துக்கு நாலாயிரம் வீட்டுக்கும் ‘மன்னிச்சுக்கோங்க’ன்னு எழுதணும். முதலீட்டுக்காரன் மறுநாள் ஓடிருவான். ஆதாரம் கொண்டா, அப்புறம் பாப்போம்.”

ஆதாரம் உங்கள் பெட்டிக்குள்தான் இருக்கிறது. உள்ளே யார் வந்தார்கள் என்ற தடயம் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் நிற்கும். மின்சாரத்தைப் பிடுங்கினால் எல்லாம் அழிந்துபோகும். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், பெட்டியை அணைக்காதீர்கள். முன்னறையில் எப்போதும்போலப் பேசுங்கள். திடீரென்று நிறுத்தினால் அவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

ஒன்று கேட்கிறேன். கூரையை மே மாதம் நானே நின்று மாற்றினேன், அது ஒழுகாது. பெஜை வீட்டுப் பெட்டிக்கு மூன்று வாரமாக ஒரு குரலும் கேட்கவில்லை என்று எங்கள் பராமரிப்புக் கணக்கு காட்டுகிறது. முன்னறையை ஏன் பூட்டினீர்கள்?

ஜாய்சன்


பெஜை, மங்களூரு
4 ஆகஸ்ட் 2019

அன்புள்ள ஜாய்சன்,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. சளிக்கு மிளகு போட்டுக் கஞ்சி குடி.

என் முன்னறையின் மௌனத்தை நீ பெங்களூரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதற்கு என்ன பெயர் என்று யோசித்துச் சொல். இப்போது நான் சொல்கிறேன், கூரை ஒழுகவில்லை.

உன் ஜூன் மாதக் கடிதம் மாலை ஜெப நேரத்தில்தான் கையில் கிடைத்தது. தபால்காரர் மழைக்கு எங்கேயோ ஒதுங்கியிருந்தார். விளக்கேற்றிவிட்டு மாமாவின் படத்துக்கு முன் நின்று வாசித்தேன். ‘அந்தப் பெட்டி கேட்கிறது’ என்ற வரியை நான் புரிந்துகொள்ளும் முன்பே என் வாய் சொல்லிவிட்டது. ‘அதன் வழியாக யாரோ கேட்கிறார்கள்’ என்பதையும் சொல்லிவிட்டது. வாசிக்கும்போது வாய் முன்னால் போகும், அறிவு ஓரடி பின்னால் வரும். அங்கே நிறுத்தினேன். என்ன செய்வது என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பெட்டி பேசிற்று. மருந்து சொல்கிற பெண் குரல் இல்லை. ஒரு வாலிபன்.

“கண்ணாடியத் தொடைச்சது போதும் ஆன்ட்டி. ஏன் நிறுத்திட்டீங்க? மேல வாசிங்க.”

மரியாதையாகத்தான் சொன்னான். நம் பங்குக் கோயில் இளைஞர்கள் பூசை முடிந்து கைப்பை தூக்க வருவார்களே, அந்த மரியாதை. என் பெயரைச் சரியாக உச்சரிக்கவும் தெரிந்திருந்தது. “செவரின் ஆன்ட்டி, பயப்படாதீங்க, நான் மட்டும்தான் கேக்குறேன்.”

கடிதத்தை நான்காக மடித்தேன். முதுகைக் காட்டக் கூடாது என்று தோன்றியது, ஆனால் கதவு எதிர்ப்பக்கம். முதுகைக் காட்டித்தான் நடந்தேன். நிமிர்ந்து நடந்தேன். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன்.

சில மாலைகளில் பூட்டிய கதவுக்குப் பின்னால் என் பெயர் கேட்கிறது. ஒரு முறைதான் கூப்பிடுவான், வற்புறுத்த மாட்டான். நான் சமையலறையில் வாயசைத்து ஜெபமாலை சொல்கிறேன். அறுபது வருடத்தில் முதல் தடவையாகச் சத்தமில்லாமல்.

குசுமாவின் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். “காப்பித் தூள் எந்த டப்பாவுல வச்சே? தேடித் தேடி அலுத்துட்டேன்” என்றேன். “வழக்கமா வைக்கிற டப்பாவுலதாம்மா” என்றாள். மறுநாள் காலையில் வேலைக்கு வந்துவிட்டாள். இதற்கு மேல் மன்னிப்பு எனக்குக் கேட்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

இதையெல்லாம் உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. என் வாயால்தான் அவனுக்கு விஷயம் போயிற்று. அதை ஒப்புக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. இனி உன் முறை. யார் போட்டது?

செவரின் மாவ்ஷி


பெங்களூரு
9 ஆகஸ்ட் 2019

மாவ்ஷி,

நான் போட்டேன்.

பெட்டியை முதலீட்டுக்காரர்களுக்குக் காட்டிய அன்று ஞானப்பாட்டு நிரல் வாய் திறக்கவில்லை. ‘அனுமதி இல்லை’ என்று திரையில் வந்து நின்றது. எனக்குப் பின்னால் கோட்டு போட்டவர்கள் வரிசையாக நின்றார்கள். எந்த நிரலுக்கு எந்த உரிமை என்று நிதானமாக யோசிக்க எனக்கு நேரமில்லை. எல்லாருக்கும் ஆறு போட்டேன். உடனே பாடிற்று. கை தட்டினார்கள். மாலையில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மாலையில் விருந்து. பிறகு மறந்தேன். மறந்தது நினைவுக்கு வந்தபோது, சொல்லப் பயந்தேன்.

கன்கனாடியில் டல்சின் ஆன்ட்டி வீட்டுக்கு உடனே போய்விடுங்கள். நான் இன்றே புறப்பட்டிருப்பேன். சிராடி மலைப்பாதை மண் சரிந்து அடைத்துக்கிடக்கிறது, ரயிலும் இல்லை. பாதை திறந்ததும் வருகிறேன்.

ஜாய்சன்


பெஜை, மங்களூரு
14 ஆகஸ்ட் 2019

அன்புள்ள ஜாய்சன்,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. உன் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. முதல் வரிக்கு எழுவாய் இருந்தது.

டல்சின் வீட்டுக்குப் போக மாட்டேன். ஒரு ராத்திரி போனால் திரும்பி வரும்போது இந்த வீடு என்னுடையதாக இருக்காது. தினகர் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான். நேற்று மறுபடியும் வந்தான். குசுமா கதவைப் பாதி திறந்து நின்றாள்.

“என்ன ஆன்ட்டி, ஹாலைப் பூட்டிட்டீங்களாமே? ஜெபம் எல்லாம் இப்ப அடுப்படியிலயா?”

குசுமா விடவில்லை. “யோவ், எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் உன் மூக்கு நீளுதா? அரிவாமணை அங்கதான் இருக்கு, பாத்துக்கோ.”

“சும்மா விசாரிச்சேன்மா. வயசானவங்க, எதையாவது பார்த்துப் பயந்துடக் கூடாதுல்ல.”

“பயந்தா நாங்க டாக்டரைக் கூப்பிட்டுக்கறோம். புரோக்கரைக் கூப்பிட மாட்டோம். நட.”

அவள் பேசப் பேச நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னறையைப் பூட்டியதை வெளியாள் யாரும் பார்க்கவில்லை. பெட்டிக்குத்தான் தெரியும். அங்கே கேட்கிறவன் இங்கே விற்கிறான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வாக்கியத்தை நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. லாரன்ஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட எழுதவில்லை. தண்ணீர் குடிக்கும்போது தம்ளரைச் சத்தமில்லாமல் வைக்கிறேன். குசுமாவோடு சைகையில் பேசுகிறேன். அவள் பதிலுக்குச் சைகை செய்தால் எரிச்சல் வருகிறது.

நாலாயிரம் வீடு என்று எழுதியிருந்தாய். என்னைப் போல எத்தனை பேர்? அவர்களுக்கெல்லாம் கடிதம் எழுத ஒரு தங்கை மகன் இருக்கிறானா? ஆதாரமும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். போய் நீதான் போட்டதாகச் சொல். அந்த எண்ணை எடு.

செவரின் மாவ்ஷி


பெங்களூரு
22 ஆகஸ்ட் 2019

அன்புள்ள மாவ்ஷிக்கு,

ஆசீர் தாருங்கள். இந்தக் கடிதத்தைச் சத்தமாகவே வாசியுங்கள்!

நான் போய்ச் சொன்னேன். நாகேந்திரா என்னை உட்காரச் சொன்னார். “உனக்கு வேலை போகும் குரு, தெரியும்ல?” என்றார். தெரியும் என்றேன். “எனக்கும் போகும்” என்றார். பிறகு எங்கள் பராமரிப்புக் குழு ஏழு பேரையும் கூப்பிட்டு, மற்ற வேலையெல்லாம் நிறுத்திவைத்து, இதை முதலில் முடிக்கச் சொன்னார். ஏழு பேரும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து வேலை செய்தோம். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. என் முறை வந்தபோது, நீ தூங்கு, நாங்க பாத்துக்கறோம் என்றார்கள். நண்பர்கள் என்றால் இவர்கள்தான்.

நாலாயிரம் பெட்டிகளிலும் எண் மாறிவிட்டது. உங்கள் பெட்டியை நானே இரண்டு முறை திறந்து பார்த்தேன். 660. ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, கேமரா மூன்றிலும். மூன்றாவது ஆறு போய்ச் சுழியம் வந்துவிட்டது. வெளியாள் ஒருவனும் இனி உங்களைக் கேட்க முடியாது, பார்க்க முடியாது, பேச முடியாது.

விசாரணை நடக்கிறது. முடிவு எப்படியானாலும் சரி. முன்னறையைத் திறங்கள். மாதா பிறந்தநாளுக்கு, மொந்தி பண்டிகைக்குப் புது நெல்லோடு வருகிறேன். பாதை திறந்துவிட்டார்கள்.

ஜாய்சன்


பெஜை, மங்களூரு
28 ஆகஸ்ட் 2019

ஜாய்சன்,

இதை உன் அறையில், தனியாக இருக்கும்போது வாசி. அலுவலகத்துக்கு எடுத்துப் போகாதே. தபாலில் போடவில்லை. குசுமாவின் அண்ணன் பெங்களூரு பேருந்து ஓட்டுகிறான். உன் வீட்டுக்கார அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவான்.

உன் கடிதம் வந்ததும் முன்னறையைத் திறந்தேன். ஒட்டடை அடித்தோம், சன்னலைத் திறந்தோம். குசுமா வாய் ஓயாமல் பேசினாள், நானும் பேசினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பீடத்துக்குச் செம்பருத்தி வைத்தேன். குசுமா போன பிறகு ஜெபமாலையைச் சத்தமாகச் சொன்னேன், ஐம்பத்து மூன்று அருள்நிறைந்த மரியேயையும். அதன் பிறகு நீ சொன்னபடியே உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்தேன். ‘பேச முடியாது’ என்ற இடம் வந்தபோது கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே வாசித்தேன். கர்வம்தான். கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தேன்.

“நல்லா வாசிக்கிறீங்க ஆன்ட்டி. இத்தனை நாளா ஏங்கிப் போயிட்டேன்.”

அதே குரல்.

நான் நகரவில்லை. அவனும் அவசரப்படவில்லை. அவனுக்குப் பின்னால் எங்கேயோ நாற்காலி உருளுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம் கேட்டது.

“ஜாய்சனுக்கு இன்னும் சளி விடல, கேட்டீங்களா? மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. பக்கத்து சீட்டுதான், காதுல ஹெட்போன் மாட்டியிருக்கான். ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, நான் சொல்லிடறேன்.”

அந்த இருமல் உன்னுடையது. நாலு வயதில் உனக்குக் கக்குவான் வந்தபோது ராத்திரி முழுக்கத் தோளில் போட்டு நடந்தவள் நான். ஆயிரம் பேர் இருமினாலும் உன் இருமலை எனக்குத் தெரியும்.

பெட்டிக்கு முன்னால் நின்று நான் கணக்குப் போட்டேன். நீ சொல்லிக்கொடுத்த கணக்குதான். மூன்றாவது இலக்கம் வெளியாளுக்கு. அதை நீ சுழியமாக்கிவிட்டாய், இரண்டு முறை பார்த்தாய், அதில் தவறில்லை. முதல் இலக்கம் பெட்டிக்கு, அது மனிதர் இல்லை என்று நீயே எழுதினாய். மீதி இருப்பது நடுவில் உள்ள ஆறு. அது குழுவுக்கு. அந்த ஆறு எப்போதும் சரியான ஆறுதான். நீ சாவியைத் தெருவில் போட்டது நிஜம். ஆனால் இவன் தெருவிலிருந்து எடுத்து வந்தவன் இல்லை. இவனிடம் முதலிலிருந்தே சாவி இருந்தது.

ஏழு பேர் என்று எழுதியிருந்தாய். உன்னைத் தூங்கச் சொல்லிவிட்டு மற்றவர்கள் விழித்திருந்தார்கள் என்றும் எழுதியிருந்தாய்.

நான் அவனுக்குப் பதில் சொன்னேன். “சாப்பிடச் சொல்லுப்பா” என்றேன். சிரித்தான். பிறகு பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றாமல், விளக்கையும் அணைக்காமல், வெளியே வந்து கதவைச் சாத்தினேன். தடயம் உள்ளேயே இருக்கட்டும். நாளைக் காலையில் குசுமாவைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகிறேன். எழுத்தில் கொடுப்பேன். உன் பெயரையும் எழுதுவேன், நீ செய்தது வரைக்கும். அதற்கு மேல் ஒரு எழுத்துக்கூட உன் தலையில் விழ விடமாட்டேன்.

காவலர்கள் பெங்களூருக்கு வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதுவரை நீ விடுப்பு எடுக்காதே, இடம் மாறி உட்காராதே, யாரிடமும் ஒன்றும் கேட்காதே. எப்போதும்போல் வேலைக்குப் போ. யாராவது, உன் மாவ்ஷி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தால், நலம் என்று சொல்.

உன் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவனின் பெயரை எனக்கு நீ எழுதியதில்லை. இடப்பக்கத்தவனின் பெயரையும் எழுதியதில்லை. இப்போது எழுத வேண்டாம். நாளைக்கு அவர்களுக்கு நடுவில் போய் உட்காரும்போது, மகனே, முகத்தை மாற்றாதே.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக,
செவரின் மாவ்ஷி